ப்ளோயர் பக்கம் கழற்றிய ஷூக்களும் முதல் கருந்துளைகளும்

1. குரல் போன மதியம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கி வார்க்கும் ஒரு தொழிற்சாலை. அதன் கேன்டீன் ஹாலில் மதியம் இரண்டு மணிக்கு டோமை விரித்துக்கொண்டிருந்தேன். நித்யா மேடம் எதிரில் வந்து நின்று வாயைத் திறந்தார். காற்று வந்தது. குரல் வரவில்லை.

"இன்னா மேடம்?" என்றேன்.

மறுபடியும் காற்றுதான். செல்போனில் எழுதிக் காட்டினார்: "தொண்டை போச்சு. காலையில் கொஞ்சம் இருந்தது. இப்போது சுத்தம்."

இன்னும் அரை மணியில் ஏ ஷிப்ட் முடிந்து நாற்பது பேர் வருவார்கள். அவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றிப் பேச வேண்டும். பேசுகிறவருக்குக் குரல் இல்லை. குரல் இருக்கிற எனக்கோ பேச அனுமதி இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு வருடமாக இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது நடமாடும் கோளரங்கம். ஒரு வேன், ஒரு புரொஜெக்டர், ஒரு பெரிய துணிக் கூடாரம். கூடாரத்துக்குக் கம்பி, கழி எதுவும் கிடையாது. ஒரு ப்ளோயரைப் பொருத்தி ஊதிக்கொண்டே இருந்தால் கவிழ்த்த சட்டி மாதிரி எழுந்து நிற்கும். அதைத்தான் டோம் என்கிறோம். பக்கவாட்டில் ஜிப் வைத்த வாசல். உள்ளே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் பட்டப்பகலில் வானம் நிறைய நட்சத்திரம்.

நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவன். ஊர் ஆரணி. பட்டுப்புடவைக்குப் பெயர்போன ஆரணி இல்லை, பொன்னேரி பக்கத்து ஆரணி. இதைச் சொல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் புடவை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். வேன் ஓட்டுவது, டோம் விரிப்பது, ஷோ முடியும்வரை வெளியே ப்ளோயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்வது, இவை என் வேலை. மைக் மேடத்தின் வேலை. வண்டியும் அவருடையதுதான்.

வேன் கதவின் உட்புறம் மேடம் ஒரு விதிப்பட்டியல் ஒட்டியிருந்தார். முதல் விதி: "மோசஸ் அண்ணா பேசக் கூடாது." மோசஸ் நான்தான். ஷூவைக் கழற்ற வேண்டும் என்பதே மூன்றாவது விதிதான்.

2. விதி வந்த கதை

சோழவரம் பக்கம் ஒரு பள்ளி. மேடம் தண்ணீர் குடிக்க வெளியே போன இரண்டு நிமிடத்தில் நான் உள்ளே போய் மைக்கைப் பிடித்தேன். ஆட்களோடு பேசுவதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் சட்டைப்பை நோட்டில் எழுதி வைக்கிற பழக்கமும் உண்டு. ஆனால் அன்றைக்கு நான் பேசியது இது: "நம்ம சூரியனும் ஒருநாள் கருந்துளையா மாறும். மாறி நம்மள எல்லாம் உள்ள இழுத்துக்கும்."

தப்பு. சூரியன் அதற்குப் போதிய எடை இல்லாதது. அது ஒருநாளும் கருந்துளை ஆகாது. கருந்துளையும் கண்டதையெல்லாம் தேடிப்போய் இழுக்காது, கிட்டே போனால்தான் வம்பு. எனக்கு இது அப்போது தெரியாது.

மறுநாள் காலை ஒரு மாணவியின் அப்பா வேன் நின்ற இடத்துக்கே வந்துவிட்டார். கையில் கொத்தனார் கரண்டி.

"சூரியன் பூட்ச்சின்னா எல்லாம் பூடும்னு சொன்னது யாரு?"

"நான்தான், அண்ணே."

"புள்ள ராத்திரி முழுக்க அழுதுக்கினே கீது. பரவால்ல, அது அழட்டும். நான் ஊடு கட்டிக்கினு கீறேன். நாளைக்கு ரூஃப் போடணும். தேதி சொல்லு. போடட்டா, வேணாவா?"

மேடம் அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கி ரூஃப் போட அனுப்பினார். பிறகு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். முதல் விதி அப்படி வந்தது.

அன்றிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் வண்டியில் மேடத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீஞ்சூர் கேட்டில் ரயிலுக்காக வண்டி நின்ற நேரத்தில் நியூட்ரான் நட்சத்திரம் முடித்தேன். பொன்னேரியில் டீ குடித்தபோது ஒளியின் வேகம். எல்லாம் தலைக்குள் இருந்தது. மைக் மட்டும்தான் கையில் இல்லை.

3. நாற்பது ஜோடி

இந்த ஷோவை ஏற்பாடு செய்தவர் அந்தத் தொழிற்சாலையின் சின்ன முதலாளி. பெரியவரின் ஒரே மகன், முப்பது வயது இருக்கும். தன் பிள்ளையின் பள்ளியில் எங்கள் டோமைப் பார்த்திருக்கிறார். "வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்துக்கு கவிதைப் போட்டி வெச்சு எல்லாரும் தூங்கறாங்க. இந்த வருஷம் வானத்தைக் காட்டலாம்" என்று கூப்பிட்டிருந்தார். இது நன்றாகப் போனால் மற்ற ஷிப்டுகளுக்கும் உண்டு.

மேடம் ஹாலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செல்போனில் எழுதினார்: "இன்று மட்டும். நான் பின்னால் உட்கார்வேன். தப்பாகச் சொன்னால் தோளில் ஒரு தட்டு. சரியாக இருந்தால் தட்ட மாட்டேன்."

மைக்கை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். இன்றைக்குச் சரியாகப் பேசினால் அந்த விதி போகலாம். சோழவரம் மாதிரி ஏதாவது ஆனால், சாகும்வரை ஸ்டூல்தான்.

மைக் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு தப்பு செய்தேன். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு ஷூ. எப்போதும் வாசல் பக்கம்தான் கழற்றச் சொல்வோம். அங்கே அன்று கை கழுவுகிற தொட்டி வழிந்து தரை ஈரம். "அந்தப் பக்கம் உடுங்கப்பா" என்று கையைக் காட்டினேன். காட்டிய இடம் ப்ளோயர். பள்ளிப் பிள்ளைகளின் ஷூ என்றால் பரவாயில்லை. இது உலைக்கு எதிரில் எட்டு மணி நேரம் நின்ற பாதுகாப்பு ஷூ, நாற்பது ஜோடி. அத்தனையும் ப்ளோயர் காற்றை உறிஞ்சுகிற வாய்க்கு ஒரு முழம் தள்ளி.

இரண்டாவது தப்பு, ப்ளோயரில் நிறுத்திய ஆளுக்கு வேலையைச் சரியாகச் சொல்லாதது. நான் உள்ளே போவதால் என் ஸ்டூலில் செக்யூரிட்டி வெங்கடய்யாவை உட்காரவைத்தேன். ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், யாரைப் பார்த்தாலும் நைனா என்பார், அதனால் கம்பெனியே அவரை நைனா என்கிறது. சொன்ன சொல் தட்டாதவர்.

"பாத்துக்கினா போதுமா, நைனா?" என்றார்.

"பாத்துக்கினா போதும்" என்றேன்.

போதாது. யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

4. மீசை முளைத்த ஒண்ணாங்கிளாஸ்

எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். சின்ன முதலாளிக்கு மட்டும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சேர். விளக்கை அணைத்தேன். மேலே நட்சத்திரங்கள் வந்தன. "ஆ" என்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் எனக்கு எல்லா அலுப்பும் போய்விடும். வெளியே ஸ்டூலில் இருந்து துணி வழியாகத்தான் அதுவரை கேட்டிருக்கிறேன்.

"அல்லாருக்கும் வணக்கம். பிரபஞ்சம் பொறந்து ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆச்சி" என்றேன்.

தோளில் ஒரு தட்டு.

"கொஞ்சம் கம்மி. ஆயிரத்து முந்நூத்து எண்பது கோடி."

தட்டு வரவில்லை. மூச்சு விட்டேன்.

நட்சத்திரம் எப்படி நிற்கிறது என்பதில் ஆரம்பித்தேன். "இந்த டோமுக்குக் கம்பி கெடையாது. வெளிய ப்ளோயர் ஊதுது, உள்ள இருக்கிற காத்து வெளிய தள்ளுது, அதான் நிக்குது. நட்சத்திரமும் அப்டித்தான். அதோட எடை உள்ள அமுக்குது, நடுவுல எரியற சூடு வெளிய தள்ளுது. ரொம்பப் பெரிய நட்சத்திரத்துல எரிபொருள் தீந்துச்சின்னா நடுப்பகுதி தன் மேலயே உழுந்து கருந்துளை ஆயிடும். அதுக்குள்ள போன வெளிச்சம்கூடத் திரும்பி வராது."

"போனா வர்றதில்லன்னா, எங்க ஆபீஸ்ல குடுத்த லீவ் லெட்டர் மாரி" என்றார் ஒருவர். இருட்டிலேயே நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் எழுதலாம் என்று.

இதற்குள் டோமுக்குள் ஒரு வாசனை தலைகாட்டியது. முதலில் யாரும் பேசவில்லை. ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"யார்பா அது ஷூவோட வந்தது?" என்றது ஒரு குரல். அது உலையில் நிற்கும் ஏழுமலை. ஆள் ஒல்லி, வாய் கனம்.

"அல்லாரும் கழட்டிட்டோம்ணே."

"அதான் பேஜாரே."

நான் படத்தை ஓட்டினேன். கறுப்பு வானத்தில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. "இது ரொம்ப ரொம்பப் பழைய வெளிச்சம். விண்வெளியில சுத்தற டெலஸ்கோப்புல இந்த மாதிரி புள்ளிங்க மாட்டுது. நடுவுல கருந்துளை. சிலது நூறு கோடி சூரியன் எடை. ஆனா அந்த வெளிச்சம் பொறப்பட்ட காலத்துல பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயசுகூட முடியல. பிரபஞ்சம் இன்னிக்கி எண்பது வயசுப் பெரியவர்னா, அப்ப அதுக்கு ஆறு வயசு முடியல."

"ஒண்ணாங்கிளாஸ்லயே மீசை வெச்சிக்கினு வந்து நிக்கறான்ற" என்றார் ஏழுமலை.

"அதேதான்."

"எப்டி மொளச்சிது? அத்த சொல்லு."

இந்தக் கேள்விக்கு வழக்கமாக மேடம்தான் பதில் சொல்வார். படத்தில் அதற்குப் பதில் கிடையாது. நாற்பது பேரும் அண்ணாந்திருந்த தலையை இறக்கி என் பக்கம் திருப்பினார்கள்.

"மூணு கட்சி கீது" என்றேன். மைக்கில் என் ஊர்ப் பேச்சு முழுசாக வந்துவிட்டது. வந்தது வரட்டும் என்று விட்டேன்.

"மொத கட்சி இன்னா சொல்லுதுன்னா, ஆரம்பத்துல பொறந்த நட்சத்திரம் எல்லாம் ராட்சசன். சீக்கிரம் எரிஞ்சி தீந்து கருந்துளை ஆச்சி. ஒவ்வொண்ணும் நூறு சூரியன் எடைன்னு வெச்சிக்க. அது சுத்தி கீற வாயுவத் துன்னு துன்னு வளந்து நூறு கோடி ஆச்சி. ஆனா இதுல ஒரு சிக்கல் கீது. உள்ள உழற வாயு சூடேறி அப்டியே ஜொலிக்கும். அந்த வெளிச்சமே பின்னால வர்ற வாயுவத் தள்ளி உட்ரும். அவசரமா துன்ன முடியாது."

"நம்ம உலையில ஸ்கிராப்ப ஒரேயடியாக் கொட்டினா மேலயே அடச்சிக்கும், எறங்காது. அளவாத்தான் போடணும்" என்றார் ஏழுமலை.

தோளில் தட்டு வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏழுமலை தேறிவிட்டார்.

"அத்தொட்டு, வளர்றதுக்கு டைம் பத்துமாங்கறதுதான் சண்டை" என்றேன்.

"பத்தாது. ஹெல்ப்பரா சேந்தவன், ஓ.டி. பாத்துப் பாத்து, ரெண்டே வருஷத்துல ஜி.எம். ஆனான்னு சொல்ற மாரி கீது. நான் இருவது வருஷமா உலையில நிக்கறேன். எங்க கீறேன்?"

"உலையிலதான்" என்றார்கள் நாலைந்து பேர்.

சிரிப்பு. சின்ன முதலாளியும் சிரித்தார். எனக்குத் தைரியம் வந்தது. வாசனையும் கூடிக்கொண்டே வந்தது.

5. மொத்தமாக விழுந்தது

"ரெண்டாவது கட்சி வேற சொல்லுது. ஹெல்ப்பரே இல்ல. நேரா ஜி.எம். அப்பாயின்ட்மென்ட்."

"ஆங்!" என்று கூட்டம் நிமிர்ந்தது.

"ஆதில கீற வாயுவுல தூசி கெடையாது, இரும்பு கெடையாது, ஒண்ணும் கெடையாது. சுத்தமான ஹைட்ரஜன், ஹீலியம், அம்புட்டுதான். சாதாரணமா வாயு குளுந்து குளுந்து துண்டு துண்டாப் பிரிஞ்சி சின்னச் சின்ன நட்சத்திரமாவும். பக்கத்துல கீற நட்சத்திரங்களோட வெளிச்சம் அத்த அளவுக்கு மேல குளுர உடலன்னா? பிரியாது. அம்மாம் பெரிய மேகமும் துண்டாவாம, மொத்தமா, ஒரே தபாவுல சரிஞ்சி..."

"ஐயோ முடியலபா!" என்று டோமின் ஓரத்தில் இருந்தவர் துணியைத் தட்டினார். "நைனா! அந்த ஃபேன நிறுத்து! நாத்தம் அதுலருந்துதான் வருது!"

வெங்கடய்யா சொன்ன சொல் தட்டாதவர். நிறுத்தினார்.

ப்ளோயர் சத்தம் நின்றது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறு வருடம் அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தவன் நான். பேச்சை விட்டுவிட்டு முதலில் புரொஜெக்டரைப் பாய்ந்து அணைத்தேன். சூடான லென்ஸ் மேல் துணி விழுந்தால் தீப்பிடிக்கும். இந்தத் தொழிலில் மற்றதெல்லாம் அப்புறம்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! துணிதான், மெதுவா எறங்கும். ஜிப் பக்கம் கீறவங்க ஜிப்பத் தொறந்து காத்து உடுங்க!"

துணி இறங்கியது. உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் முதலில் சின்ன முதலாளியின் தலையில்தான் உட்கார்ந்தது. பிறகு மற்ற எல்லோர் மேலும். ஜிப் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம். மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு, வாசனை, நாற்பது பேரின் முனகல். யார் கை யார் காது என்று தெரியவில்லை.

முடிந்தது என்று நினைத்தேன். மைக், ஷோ, வேலை எல்லாம் அந்தத் துணியோடு விழுந்துவிட்டன. ஆனால் மைக் இன்னும் கையில் இருந்தது, வேலையும் செய்தது. ஆட்களைப் பதற்றப்பட விடாமல் உட்காரவைக்க எனக்குத் தெரிந்தது பேசுவது ஒன்றுதான்.

"பாத்தீங்களா?" என்றேன் துணிக்குள்ளிருந்து. "துண்டு துண்டாக் கிழிஞ்சி உழல. மொத்தமா ஒரே துணியா வந்துச்சி. ரெண்டாவது கட்சி சொல்றது இதான். இப்டி உண்டாச்சின்னா மொதல்லயே லட்சம் சூரியன் எடை கெடைக்கும். அப்பறம் வளர்றது சுளுவு."

எங்கிருந்தோ கைதட்டினார்கள். சத்தியமாக.

"தலைவா, மூணு கட்சின்னியே. மூணாவது இன்னா?" என்று இருட்டில் ஒரு குரல். யார் என்று தெரியவில்லை.

"மூணாவது கட்சி எல்லாத்துக்கும் முன்னால போவுது. நட்சத்திரம் பொறக்கல, வாயு மேகம் சேரல, ஒண்ணும் கெடையாது. பிரபஞ்சம் பொறந்த மொத செகண்டு. அப்ப எங்க எங்க கொஞ்சம் நெருக்கம் ஜாஸ்தியோ, அங்க அப்பவே அமுங்கி உண்டான கருந்துளைங்க. நட்சத்திரம் செத்துப் பொறந்தது இல்ல. ஆரம்பத்துலருந்தே கீது."

அதே குரல் சொன்னது: "அப்ப அது, கம்பெனிக்கு கேட் வெக்கறதுக்கு முன்னாலயே சேர் போட்டு உக்காந்துட்ட ஆளு. மொதலாளி புள்ள மாரி!"

குபீரென்று கிளம்பிய சிரிப்பு பாதியில் அறுந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சேர் ஞாபகம் வந்துவிட்டது. துணிக்கடியில் நாற்பது பேர் மூச்சுவிடாமல் இருப்பதை நான் அன்றுதான் கேட்டேன்.

நடுவிலிருந்து சின்ன முதலாளியின் குரல் வந்தது. "அண்ணே, அந்த மூணாவது வகையை யாராவது கண்ணால பாத்திருக்காங்களா?"

"இன்னும் இல்ல, சார். கணக்குலதான் கீது."

"இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க. சேர் சாஞ்சிடுச்சு. முட்டி மேல யாரோ உக்காந்திருக்கீங்க, எழுந்திரிங்க."

அறுந்த சிரிப்பு திரும்பி வந்தது பாருங்கள், துணி ஒரு அடி மேலே எழும்பி இறங்கியது. ப்ளோயரே தேவைப்படவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார். "சரி, இந்த மூணுல எது உண்மை?"

ஆறு வருடத்துக்கு முன்னால் என்றால் ஏதாவது ஒன்றை அடித்துவிட்டிருப்பேன். எனக்கு அந்தக் கொத்தனார் கரண்டி ஞாபகம் வந்தது.

"தெரியாது, சார். எனக்கு மட்டும் இல்ல, பெரிய பெரிய ஆளுங்களுக்கும் இன்னும் முடிவாத் தெரியாது. தேடிக்கினு கீறாங்க. ஆனா இந்த மூணுல ஒண்ணுதான் சரி."

"யார்பா என் தோளத் தட்டறது?" என்று ஏழுமலை கத்தினார். "இருட்டுல இன்னா வெளாட்டு?"

எனக்குப் புரிந்துவிட்டது. மேடம்தான். துணி விழுந்த குழப்பத்தில் நான் என்று நினைத்து ஏழுமலையைத் தட்டுகிறார். அப்படியென்றால் கடைசியாகச் சொன்னதில் தப்பு.

"மன்னிக்கணும்" என்றேன் அவசரமாக. "ஒண்ணுதான்னு இல்ல. ரெண்டு வழியும் நடந்திருக்கலாம். மூணும் நடந்திருக்கலாம். நாம நெனைக்காத நாலாவதும் இருக்கலாம்."

"இப்ப நின்னுட்ச்சி" என்றார் ஏழுமலை.

ஜிப் வழியாக யாரோ தலையை நீட்டி, "நைனா, போடு!" என்றார்கள்.

"நிறுத்துன்றீங்க, போடுன்றீங்க. இன்னா நைனா இது" என்றார் வெங்கடய்யா. ஆனாலும் போட்டார்.

6. வெளியே நிற்கிறவர்

டோம் எழுந்து, ஷோ முடிந்து, எல்லோரும் ஷூவைத் தேடினார்கள். நாற்பது ஜோடியும் ஒரே மாதிரி. அதற்கு ஒரு கால் மணி. கடைசியில் தரையில் இரண்டு ஷூ மிஞ்சின. ஒன்று எட்டாம் நம்பர், ஒன்று ஒன்பது, இரண்டும் வலது கால். யாரோ ஒருவர் இரண்டு இடதுகால் ஷூவைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறார். கருந்துளைக்கு மூன்று கட்சி உண்டு. இதற்கு ஒன்றுகூடக் கிடையாது.

சின்ன முதலாளி என்னிடம் வந்தார். மேடமும் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, அருமை. நாளைக்கு பி ஷிப்டுக்கும் வேணும். அந்தத் துணி விழற சீன் நாளைக்கும் உண்டுல்ல?"

ஷோவில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார் மனிதர். 'உண்டு, சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேடத்தைப் பார்த்தேன். அவர் கை கீழேயே இருந்தது. தட்டுவதற்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லையே.

"அது சீன் இல்ல, சார். தப்பு" என்றேன். "ஷூவ ப்ளோயர் பக்கம் உடச் சொன்னது நான். யார் சொன்னாலும் ப்ளோயர நிறுத்தாதன்னு நைனாகிட்ட சொல்லாமப் போனதும் நான். மைக் மேல ஆசப்பட்டு அவசரமா உள்ள பூந்துட்டேன்."

"பாதுகாப்பு வாரத்துக்கு வந்தவங்கள்ல தன் தப்பைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றார் அவர். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மேடம் வேனுக்குப் போனார். கதவில் ஸ்கெட்ச் பேனா கீறுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். முதல் விதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "மோசஸ் அண்ணா பேசலாம். ப்ளோயரில் சரியான ஆளை நிறுத்திய பிறகு." மூன்றாவது விதியிலும் ஒரு திருத்தம்: "ஷூ வாசல் பக்கம் மட்டும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு டோமைச் சுருட்டப் போனேன். வெங்கடய்யா ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"நைனா, உள்ள அல்லாரும் அப்டி சிரிச்சாங்களே, இன்னா சொன்ன? எனுக்கு ஒண்ணும் வெளங்கல."

அந்த ஸ்டூல் எனக்குத் தெரியும். ஆறு வருடம் நான் கேட்டதும் வெறும் சிரிப்புதான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது துணியைத் தாண்டி வராது. இவருக்கு ஒரு ஷோ போடலாம் என்றால் ப்ளோயருக்கு ஆள் வேண்டும். மேடம் உள்ளே என் தோளைத் தட்ட வேண்டும். ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போய்விட்டார்கள்.

"நான் உக்கார்றேன்" என்றார் சின்ன முதலாளி. ஸ்டூலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஞ்சிய இரண்டு ஷூவையும் காலாலேயே எட்டித் தள்ளினார். "சொல்லுங்க, என்ன செய்யணும்?"

"யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, சார்."

"யார் சொன்னாலும்?"

"நீங்களே சொன்னாலும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது. மைக்கில் பேசுகிறவனை ஆட்கள் ஞாபகம் வைப்பார்கள். ஆனால் டோமை நிறுத்துகிறவர் வெளியே இருக்கிறார். அவருக்கு வேலையை முழுதாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று மைக்கிலேயே சொல்லுங்கள், அதனால் எந்த டோமும் விழாது. ஷூ மட்டும் வாசல் பக்கம்.

நாற்பது பேர் உட்கார்கிற டோமில் வெங்கடய்யா ஒருவர் மட்டும் பாயில் உட்கார்ந்தார். விளக்கை அணைத்தேன். நட்சத்திரங்கள் வந்தன. "ஆ" என்றார். மைக்கை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம், நைனா" என்றார் இருட்டில். "வெளிய ப்ளோயர்ல யாரு கீறது?"

"சின்ன மொதலாளி."

வெங்கடய்யா பாயில் காலை நீட்டி நிம்மதியாகப் படுத்தார். தொப்பியைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"அப்பன்னா மெதுவாச் சொல்லு, அவசரமே இல்ல."